தூங்கலாமா, கூடாதா? யூனிக்ஸ் கெர்னல் ஃபங்ஷன்களுக்குள் இருக்கும் கேள்வி

லினக்ஸில் கொஞ்ச காலம் புழங்கிய யாருக்கும் இது ஒருமுறையாவது நடந்திருக்கும். வெளி ஹார்டு டிஸ்க்கில் காப்பி ஓடிக்கொண்டிருக்கும்போது கேபிள் ஆட்டம் கண்டுவிடும். அல்லது, பழைய லினக்ஸ் என்றால், என்எஃப்எஸ் (இன்னொரு கணினியின் கோப்புகளை நெட்வொர்க் வழியே பயன்படுத்தும் முறை) வழியாக மவுன்ட் செய்திருந்த சர்வர் பதில் தருவதை நிறுத்திவிடும். காப்பி கட்டளை நின்ற இடத்திலேயே நிற்கும். கன்ட்ரோல்-சி அழுத்தினால் அசையாது. இன்னொரு டெர்மினல் திறந்து கில் -9 கொடுத்தாலும் சாகாது. ஓடும் ப்ராசஸ்களைப் பட்டியலிடும் பிஎஸ் போட்டுப் பார்த்தால் அந்த ப்ராசஸுக்கு நேரே ‘டி’ என்று ஒரே ஓர் எழுத்து இருக்கும்.

ரூட் கணக்கில் இருந்துகொண்டு, எதையும் கொல்லும் என்று பெயர் வாங்கிய சிக்னலை அனுப்பியும் ஒரு ப்ராசஸ் சாகவில்லை என்றால் அதற்குக் காரணம் அந்த நிரல் இல்லை. அந்த நிரல் கெர்னலுக்குள், அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதிக்குள், ஒரு ஃபங்ஷனைக் கூப்பிட்டது, அந்த ஃபங்ஷன் இன்னொன்றைக் கூப்பிட்டது, கடைசியில் ஒன்று ‘வேலை முடியும்வரை என்னை யாரும் எழுப்பக் கூடாது’ என்று குறித்துவிட்டுத் தூங்கிவிட்டது. அந்தக் குறிப்பை எழுதியவர் தெரிந்தேதான் எழுதினார்.

கெர்னல் நிரலாக்கத்தைப் புதிதாகக் கற்க வருபவர்கள் முதலில் ஃபங்ஷன் பெயர்களைப் பட்டியல் போடுகிறார்கள். நினைவகம் வாங்க கேமல்லாக், யூசர் நிரலிடமிருந்து தரவை எடுக்க காப்பி_ஃப்ரம்_யூசர், பூட்ட ஸ்பின்_லாக், செய்தி எழுத பிரின்ட்கே. சி மொழி தெரிந்தவருக்கு இவை பழகிய மல்லாக், மெம்காப்பி, பிரின்ட்எஃப் மாதிரிதான் தோன்றும். ஆனால் சாதாரண நிரலில் ஒரு ஃபங்ஷனைப் பற்றி இரண்டு விஷயம் தெரிந்தால் போதும்: என்ன கொடுக்க வேண்டும், என்ன திரும்பி வரும். கெர்னலில் மூன்றாவதாக ஒன்று உண்டு: இதை எங்கிருந்து கூப்பிடலாம்? இன்னும் நேராகக் கேட்டால், இது தூங்குமா, நான் இப்போது நிற்கும் இடத்தில் தூங்கலாமா? சி மொழியில் இதை எழுதி வைக்க இடமே இல்லை. கம்பைலருக்கு இது தெரியாது. ஆனாலும் கெர்னல் ஃபங்ஷன்கள் இப்போது இருக்கும் வடிவத்துக்கு வந்ததற்குப் பெரும்பாலும் இந்தக் கேள்விதான் காரணம் என்று நான் நினைக்கிறேன்.

தூங்குவது என்றால் கெர்னலில் அர்த்தம் எளிது. நான் எதிர்பார்ப்பது இன்னும் நடக்கவில்லை, அதுவரை இந்த சிபியுவை வேறு யாராவது எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டுக்கொடுப்பது. ஒரு நிரல் சிஸ்டம் கால் செய்து, அதாவது கெர்னலிடம் ஒரு வேலை கேட்டு, உள்ளே வந்திருந்தால் தாராளமாகத் தூங்கலாம். தூங்குவதற்கு அதற்கென்று ஒரு ப்ராசஸ் இருக்கிறது, திரும்பி எழ ஓர் அடையாளம் இருக்கிறது. இன்ட்டரப்ட்டை (வன்பொருள் சிபியுவை இடைமறித்துக் கூப்பிடுவதை) கையாளும் ஃபங்ஷனுக்கு அது இல்லை. நெட்வொர்க் கார்டு மணி அடித்த நேரத்தில் சிபியுவில் யார் ஓடிக்கொண்டிருந்தாரோ அவர் முதுகில் ஏறி ஓடுகிறது அது. அது தூங்கினால் சம்பந்தமே இல்லாத ஒரு ப்ராசஸ் உறைந்துபோகும். ஸ்பின்லாக் என்ற பூட்டைப் பிடித்திருக்கும்போதும் தூங்கக் கூடாது. அந்தப் பூட்டுக்காகக் காத்திருக்கும் மற்ற சிபியுக்கள் விட்டுக்கொடுப்பதில்லை, ‘திறந்ததா, திறந்ததா’ என்று ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டே இருக்கும். பூட்டு வைத்திருப்பவர் தூங்கி, அவர் இடத்துக்கு வந்தவரும் அதே பூட்டைக் கேட்டால் இயந்திரம் அங்கேயே நின்றுவிடும்.

1975இன் இரண்டு வரிகள்

‘டி’ என்ற அந்த எழுத்தின் வேரைத் தேடிப் போனால் பெல் ஆய்வகத்திலிருந்து 1975இல் வெளிவந்த ஆறாம் பதிப்பு யூனிக்ஸுக்குப் போய்ச் சேருகிறோம். பிடிபி-11 கணினியில் ஓடியது. மொத்தக் கெர்னலும் பத்தாயிரம் வரிகளுக்குள் அடங்கும். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் லயன்ஸ் 1970களில் இந்த மூல நிரலைத்தான் வரி வரியாக மாணவர்களுக்குப் பாடம் நடத்தினார். இன்றைக்கும் ஒருவர் ஒரு வார இறுதியில் உட்கார்ந்து படிக்கக்கூடிய அளவுதான்.

அதில் ஸ்லீப், வேக்கப் என்று இரண்டு ஃபங்ஷன்கள். ஸ்லீப் இரண்டு மதிப்புகளை வாங்கும். முதலாவது ‘சேனல்’. பெயர் பெரிதாக இருந்தாலும் அது வெறும் ஒரு நினைவக முகவரி. டிஸ்க் பஃபர் (டிஸ்க் தரவைத் தற்காலிகமாக வைக்கும் நினைவக இடம்) ஒன்றுக்காகக் காத்திருக்கிறீர்களா, அந்தப் பஃபரின் முகவரியைக் கொடுங்கள். அந்த முகவரி ப்ராசஸ் அட்டவணையில் உங்கள் வரிசையில் எழுதப்படும். வேலை முடிந்ததும் இன்னொருவர் அதே முகவரியைக் கொடுத்து வேக்கப்பைக் கூப்பிடுவார். அது அட்டவணையை முதலிலிருந்து கடைசிவரை பார்த்து, அந்த முகவரியில் தூங்கும் எல்லாரையும் எழுப்பும். தனியாக வரிசை இல்லை, பட்டியல் இல்லை. எதற்காகக் காத்திருக்கிறோமோ அதன் முகவரியே காத்திருப்பின் பெயர் என்ற அந்த யோசனை என்னை இன்றும் அசத்துகிறது. அந்தப் பதிவுக்கு அவர்கள் வைத்த பெயர் பி_டபிள்யூசான். இப்போதும் லினக்ஸில் ப்ராக் கோப்புறைக்குள் ஒவ்வொரு ப்ராசஸுக்கும் டபிள்யூசான் என்று ஒரு கோப்பு இருக்கிறது; அந்த ப்ராசஸ் கெர்னலில் எந்த ஃபங்ஷனில் தூங்குகிறது என்று அது சொல்லும். யூனிக்ஸ் வழிவந்த இன்னோர் இயங்குதளமான ஃப்ரீபிஎஸ்டியில் ஒரு படி மேலே போய், தூங்கும்போதே ஒரு குட்டிச் சொல்லையும் கொடுக்கச் சொல்கிறார்கள். டாப் கட்டளையில் ‘செலக்ட்’, ‘நான்ஸ்லீப்’ என்றெல்லாம் நிலைப் பத்தியில் தெரிவது அந்தச் சொற்கள்தான்.

இரண்டாவது மதிப்பு முன்னுரிமை எண். இங்கேதான் விஷயம் இருக்கிறது. எண் பூஜ்யம் அல்லது அதற்கு மேல் இருந்தால் சிக்னல் வந்து எழுப்பலாம். அதற்குக் கீழே இருந்தால் எழுப்ப முடியாது. டெர்மினலில் நீங்கள் தட்டச்சு செய்யக் காத்திருக்கும் ப்ராசஸ் 10 என்ற எண்ணோடு தூங்கும். டிஸ்க்கிலிருந்து தரவு வரக் காத்திருக்கும் ப்ராசஸ் -50 என்ற எண்ணோடு தூங்கும். ஐம்பது வருடங்களுக்குப் பிறகு கில் -9க்கு அடங்காமல் நிற்கும் அந்த ‘டி’ இந்தக் கழித்தல் குறியின் வாரிசு.

டிஸ்க்குக்கு ஏன் இந்தத் தனிச் சலுகை? ஆறாம் பதிப்பில் தூக்கத்தின் நடுவே சிக்னல் வந்தால் ஸ்லீப் தன்னைக் கூப்பிட்டவரிடம் திரும்பிப் போகாது. இடையில் இருக்கும் எல்லா ஃபங்ஷன்களையும் தாண்டி, சிஸ்டம் கால் தொடங்கிய இடத்துக்கே ஒரே தாவலாகத் தாவிவிடும். ஒரு பஃபரை ‘பயன்பாட்டில் உள்ளது’ என்று குறித்துவிட்டு அதற்காகத் தூங்கப் போன ஃபங்ஷன் திரும்பவே இல்லையென்றால் அந்தக் குறியை யார் அழிப்பது? பஃபர் நிரந்தரமாக மாட்டிக்கொள்ளும். அதுபோக டிஸ்க் கன்ட்ரோலர் அந்த நினைவகத்தில் தானாக எழுதிக்கொண்டிருக்கிறது. நடுவில் அதை வேறு வேலைக்குக் கொடுத்தால் இன்னொருவர் தரவு நாசமாகும். டிஸ்க் எப்படியும் சில மில்லிவினாடிகளில் பதில் சொல்லிவிடும். அதுவரை பொறுத்திரு என்பதுதான் கணக்கு. பதிலே வராத டிஸ்க், கடலுக்கு அப்பால் இருக்கும் டிஸ்க் எல்லாம் அப்போது அவர்கள் மேசையில் இல்லை.

கண்ணிமைக்கும் இடைவெளி

டிஸ்க்குக்காகக் காத்திருக்கும் ஐஓவெய்ட் என்ற ஃபங்ஷனைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். முதல் வரியில் ஸ்ப்ல்6 என்று கூப்பிட்டு சிபியுவின் முன்னுரிமையை உயர்த்தி, டிஸ்க் இன்ட்டரப்ட் உள்ளே வராமல் தடுக்கிறது. அடுத்து ஒரு வைல் சுற்று: ‘முடிந்தது’ என்ற கொடி ஏறவில்லையா, அப்படியானால் தூங்கு. கடைசியில் ஸ்ப்ல்0 கொடுத்து இன்ட்டரப்ட்டைத் திறந்துவிடுகிறது. அவ்வளவுதான்.

ஒவ்வொரு வரியும் ஒரு விபத்தைத் தடுக்கிறது. ஸ்ப்ல்6 இல்லை என்று வைத்துக்கொள்வோம். கொடியைப் பார்த்தோம், ஏறவில்லை. சரி, தூங்கலாம் என்று முடிவெடுத்தோம். ஸ்லீப்பைக் கூப்பிடுவதற்கு முன், அந்தக் கண்ணிமைக்கும் இடைவெளியில் டிஸ்க் இன்ட்டரப்ட் வருகிறது. அது கொடியை ஏற்றுகிறது, வேக்கப்பைக் கூப்பிடுகிறது. அந்த முகவரியில் யாருமே தூங்கவில்லை. எழுப்ப ஆள் இல்லாமல் அது போய்விடுகிறது. அதன் பிறகு நாம் தூங்குகிறோம். நம்மை எழுப்ப இனி யாரும் வரப்போவதில்லை. வீட்டுக்காரர் கொல்லைப்புறம் போயிருந்த நேரத்தில் தபால்காரர் கதவைத் தட்டிவிட்டுப் போன மாதிரிதான் இது. அவருக்காக அப்புறம் வாசலில் எத்தனை நாள் உட்கார்ந்திருந்தாலும் பலனில்லை. வைல் சுற்றும் அப்படியே. வேக்கப் எல்லாரையும் எழுப்பிவிடுவதால், எழுந்தவர் தன் காரியம் நிஜமாக ஆனதா என்று மறுபடி பார்த்தாக வேண்டும்.

ஒரே சிபியு இருந்த காலத்தில் இன்ட்டரப்ட்டை அடைத்தால் போதும். இரண்டாவது சிபியு வந்ததும் இந்தப் பாதுகாப்பு போய்விட்டது. அந்தப் பக்கத்து சிபியுவில் வேக்கப் ஓடுவதை நம் ஸ்ப்ல்6 தடுக்காது. லினக்ஸின் கதை இங்கே சுவாரசியமானது. லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் வெளியிட்ட முதல் பதிப்பிலேயே ஸ்லீப்_ஆன் என்று ஒரு ஃபங்ஷன் இருந்தது. நிபந்தனையைப் பார்த்துவிட்டு ஸ்லீப்_ஆன் கூப்பிடுவது வழக்கம். பார்ப்பதற்கும் தூங்குவதற்கும் நடுவில் மேலே சொன்ன அதே இடைவெளி. 1996இல் வந்த 2.0 பதிப்பில் பல சிபியுக்களுக்கு ஆதரவு சேர்த்தபோது கெர்னல் முழுமைக்கும் ஒரே ஒரு பெரிய பூட்டைப் போட்டார்கள். அந்தப் பூட்டுக்கு ஒரு விசேஷ குணம் உண்டு: அதைப் பிடித்தவர் தூங்கினால் பூட்டு தானாகத் திறந்துகொள்ளும், எழுந்ததும் தானாகப் பூட்டிக்கொள்ளும். அதன் நிழலில் ஸ்லீப்_ஆன் பல ஆண்டுகள் பிழைத்துக்கொண்டது. பெரிய பூட்டை ஒவ்வோர் இடமாகக் கழற்றி 2011இல் 2.6.39இல் ஒரேயடியாக நீக்கினார்கள். ஸ்லீப்_ஆன் இன்னும் மூன்று வருடம் தாக்குப்பிடித்து, 2014இல் 3.15இல்தான் போனது. ஒரு தவறான ஃபங்ஷன் வடிவத்தை நூற்றுக்கணக்கான டிரைவர்களிலிருந்து (சாதனங்களை இயக்கும் கெர்னல் நிரல்களிலிருந்து) பிடுங்கி எடுப்பது எவ்வளவு மெதுவான வேலை என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

அதன் இடத்துக்கு வந்தது வெய்ட்_இவென்ட். இதில் வரிசை தலைகீழ். முதலில் ‘நான் தூங்குகிறேன்’ என்று பெயரைப் பதிந்துவிடு. அப்புறம் நிபந்தனையைப் பார். ஆகியிருந்தால் பெயரை அழித்துவிட்டு நட, ஆகவில்லையென்றால் சிபியுவை விடு. நடுவில் யார் வேக்_அப் கூப்பிட்டாலும் நம் பெயர் ஏற்கெனவே பதிவில் இருப்பதால் நாம் மீண்டும் ‘விழித்திருப்பவர்’ ஆகிவிடுவோம். இது தானாகவே நடப்பதால் எழுதுபவர் ஞாபகம் வைக்க வேண்டியது ஒன்றுமில்லை. நிபந்தனையையே ஃபங்ஷனுக்குள் கொடுத்துவிடச் சொல்வதால், அதைப் பிரித்து எழுதித் தவறு செய்யும் வாய்ப்பையே எடுத்துவிட்டார்கள்.

கேட்பவர்தான் சொல்ல வேண்டும்

இப்போது நினைவகத்துக்கு வருவோம். கேமல்லாக் இரண்டு மதிப்பு கேட்கும்: எத்தனை பைட், அதனுடன் ஒரு கொடி. புதியவர்கள் எல்லாரும் கேட்கும் கேள்வி, எதற்கு அந்தக் கொடி? மல்லாக் கேட்பதில்லையே?

நினைவகம் தாராளமாக இருக்கும்போது கொடிக்கு வேலையே இல்லை. தட்டுப்பாடு வரும்போதுதான் அதற்கு உயிர் வருகிறது. அப்போது கெர்னல் பழைய பக்கங்களை (நினைவகத்தைப் பிரித்து வைத்திருக்கும் துண்டுகளை) டிஸ்க்கில் எழுதிவிட்டு இடம் பண்ண வேண்டும். டிஸ்க்கில் எழுதுவது என்றால் காத்திருப்பு, காத்திருப்பு என்றால் தூக்கம். ஜிஎஃப்பி_கெர்னல் என்றால் ‘தூங்கினாலும் பரவாயில்லை, எப்படியாவது வாங்கிக் கொடு’. ஜிஎஃப்பி_அட்டாமிக் என்றால் ‘தூங்கவே கூடாது, ஒதுக்கீட்டில் இருப்பதைத் தொட்டாவது கொடு, இல்லையென்றால் இல்லை என்று உடனே சொல்லிவிடு’. ஃப்ரீபிஎஸ்டியில் இதே இரண்டுக்கும் எம்_வெய்ட்ஓகே, எம்_நோவெய்ட் என்று பெயர். எனக்கு இந்தப் பெயர்கள்தான் பிடிக்கும். கேள்வியைப் பெயரிலேயே வைத்திருக்கிறார்கள். இன்னொரு யூனிக்ஸான சோலாரிஸில் இன்னும் பச்சையாக கேஎம்_ஸ்லீப், கேஎம்_நோஸ்லீப். அவர்களுடைய கையேட்டில் ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் ‘கான்டெக்ஸ்ட்’ என்று தனித் தலைப்பே உண்டு, எங்கிருந்து கூப்பிடலாம் என்று சொல்ல.

லினக்ஸில் இந்த இரண்டுக்கும் நடுவில் ஜிஎஃப்பி_நோஎஃப்எஸ், ஜிஎஃப்பி_நோஐஓ என்று இரண்டு இருக்கின்றன. ஃபைல் சிஸ்டம் ஒரு பூட்டைப் பிடித்துக்கொண்டு நினைவகம் கேட்கிறது. நினைவகம் தருபவர் இடம் பண்ணுவதற்காக அதே ஃபைல் சிஸ்டத்திடம் போய் ‘இந்தப் பக்கங்களை எழுதிவிடு’ என்கிறார். அது எழுத அதே பூட்டு வேண்டும். ஒருவருக்கொருவர் காத்துக்கொண்டு இருவரும் நிற்பார்கள். அதனால் ‘தூங்கலாம், ஆனால் என் வீட்டுக்கே திரும்பி வந்து கதவைத் தட்டாதே’ என்று சொல்ல ஒரு கொடி தேவைப்பட்டது. தூக்கத்தில் இத்தனை வகை இருக்கும் என்று நானும் முதலில் நினைக்கவில்லை.

சரி, இதையெல்லாம் கேமல்லாக்கே கண்டுபிடித்துக்கொள்ளக் கூடாதா? நான் எங்கே நிற்கிறேன் என்று கெர்னலுக்குத் தெரியாதா? நியாயமான கேள்விதான். பதில்: எப்போதும் தெரியாது. லினக்ஸில் ப்ரீஎம்ப்ட்_கவுன்ட் என்று ஒரு 32 பிட் எண் இருக்கிறது. இன்ட்டரப்ட்டுக்குள் நுழைந்தால் அதன் ஒரு பகுதி ஏறும், சாஃப்ட் இன்ட்டரப்ட் (இன்ட்டரப்ட் தள்ளிவைத்த மீதி வேலை) என்றால் இன்னொரு பகுதி, ஸ்பின்லாக் பிடித்தால் கடைசி 8 பிட்டில் ஒன்று கூடும். அந்த எண் பூஜ்யமா என்று பார்க்க இன்_அட்டாமிக் என்று ஒரு மேக்ரோவும் உண்டு. ஆனால் கெர்னலை எல்லா இயந்திரங்களுக்கும் ஒரே மாதிரி கட்டுவதில்லை. ஓடும் நடுவில் கெர்னலை இடைமறிக்க முடியாதபடி கட்டினால் ஸ்பின்லாக் அந்த எண்ணைத் தொடாமலே விட்டுவிடலாம். ஒற்றை சிபியுவாகவும் இருந்தால் ஸ்பின்_லாக் என்பதே காணாமல் போகும், கம்பைல் ஆன நிரலில் அதற்கு ஒரு கட்டளைகூட இருக்காது. அப்படிப்பட்ட கெர்னலில் இன்_அட்டாமிக் ‘தாராளமாகத் தூங்கு’ என்று பொய் சொல்லும். மூல நிரலில் அந்த மேக்ரோவுக்கு மேலேயே, டிரைவரில் இதைப் பயன்படுத்தாதே என்று எச்சரிக்கை எழுதியிருக்கிறார்கள். அதனால்தான் பொறுப்பு கூப்பிடுபவர் தலையில் விழுகிறது. எங்கே நிற்கிறோம் என்பது அவருக்கு மட்டுமே நிச்சயமாகத் தெரியும்.

எனக்கு இது புத்தகத்தில் புரியவில்லை. ஒரு சின்ன போர்டுக்கு சீரியல் சாதன டிரைவர் எழுதிக்கொண்டிருந்தபோது புரிந்தது. வந்து சேரும் செய்திகளை ஒரு பட்டியலில் கோத்து, அதை ஸ்பின்லாக்கால் காத்துவந்தேன். பூட்டைப் பிடித்த பிறகு, பட்டியலில் சேர்க்க வேண்டிய முடிச்சுக்கு ஜிஎஃப்பி_கெர்னல் கொடுத்து நினைவகம் வாங்கியிருந்தேன். மேசையில் இருந்தது ஒற்றை சிபியு போர்டு, மூன்று வாரம் ஒரு குறையும் இல்லை. நான்கு கோர் போர்டுக்கு மாற்றி, நினைவகத்தை நிரப்பும் சோதனையையும் கூடவே ஓடவிட்டதும் இயந்திரம் உறைந்தது. மறுபடி ஓடவிட்டால் ஒரு மணி நேரம் ஓடும், சில சமயம் ஆறு மணி நேரம். திரையில் ஒரு செய்தியும் இல்லை. நான்கு நாள் வன்பொருளைச் சந்தேகித்துக்கொண்டிருந்தேன்.

கூட வேலை செய்த மூத்தவர் ஒருவர் வந்து, “டீபக் அட்டாமிக் ஸ்லீப் போட்டுக் கட்டினீங்களா?” என்று மட்டும் கேட்டார். கட்டவில்லை. கட்டினேன். பூட் ஆன பத்தாவது வினாடியில் ‘தூங்கக்கூடிய ஃபங்ஷன் தகாத இடத்தில் கூப்பிடப்பட்டது’ என்ற பொருளில் அந்தப் புகழ்பெற்ற பக் செய்தி. அடுத்த வரியில் இன்_அட்டாமிக் மதிப்பு 1, இன்ட்டரப்ட் அடைப்பு 0, ப்ராசஸ் எண், பெயர். அதற்குக் கீழே நான் எழுதிய ஃபங்ஷனின் பெயர், எத்தனையாவது பைட்டில் என்பது வரை. அதைத் திருத்த இரண்டு வரிகளை இடம் மாற்றினால் போதுமாக இருந்தது. முதலில் நினைவகத்தை வாங்கிவிட்டு, அப்புறம் பூட்டைப் பிடித்துப் பட்டியலில் கோப்பது.

அந்தச் செய்தியை வரவழைப்பது மைட்_ஸ்லீப் என்ற குட்டி ஃபங்ஷன். தூங்க வாய்ப்புள்ள ஒவ்வொரு ஃபங்ஷனின் தலையிலும் அதை வைத்திருக்கிறார்கள். நிஜமாகத் தூங்கியதா என்று அது பார்ப்பதில்லை, தூங்கியிருக்கக்கூடும் என்றாலே கத்திவிடும். ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை வரும் விபத்து, பத்து வினாடியில் தெரியும் பிழையாக மாறுவது இதனால்தான். சி மொழியில் எழுத இடமில்லாத அந்த மூன்றாவது விஷயத்தை, ஓடும்போதாவது சொல்ல ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். டிரைவர் எழுதும் யாரும் முதல் நாளே அந்த வசதியைத் திறந்துவைக்க வேண்டும் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

ஒரு பைட் நகலெடுக்க

காப்பி_ஃப்ரம்_யூசர் வெளியிலிருந்து பார்த்தால் மெம்காப்பிதான். நிரல் கொடுத்த முகவரியிலிருந்து கெர்னலின் முகவரிக்கு இத்தனை பைட் எடு. ஆனால் அந்த முகவரியைக் கொடுத்தது யூசர் நிரல், அதை நம்ப முடியாது. கெர்னலின் சொந்த முகவரியையே கொடுத்து ஏமாற்றலாம். இல்லாத முகவரியைக் கொடுக்கலாம். நல்ல முகவரியாகவே இருந்து, அந்தப் பக்கம் இன்னும் டிஸ்க்கிலிருந்து வராமல் இருக்கலாம். கடைசி வகைதான் நம் கதைக்கு முக்கியம். பக்கம் இல்லையென்றால் சிபியு பேஜ் ஃபால்ட் என்று நிறுத்திவிடும், பக்கத்தைக் கொண்டுவர டிஸ்க், மறுபடியும் தூக்கம். அதனால் ஸ்பின்லாக் பிடித்துக்கொண்டு இந்த ஃபங்ஷனைக் கூப்பிடக் கூடாது. நினைவகத்திலிருந்து ஒரு பைட் படிப்பது தூங்கக்கூடிய செயல் என்று வெளியே யாரும் கற்பனைகூடச் செய்ய மாட்டார்கள்.

இல்லாத முகவரியை எப்படிச் சமாளிக்கிறார்கள் என்பது அழகான வேலை. பழைய லினக்ஸில் நகலெடுப்பதற்கு முன்பே வெரிஃபை_ஏரியா என்ற ஃபங்ஷன் அந்த ப்ராசஸின் நினைவகப் பகுதிகளின் பட்டியலைப் பார்த்து முகவரி சரியா என்று சோதிக்கும். கிட்டத்தட்ட எல்லா நிரலும் சரியான முகவரியைத்தான் கொடுக்கும். அந்தச் சோதனை பெரும்பாலும் வீண் செலவு. 2.1 வரிசையில் அதை மாற்றினார்கள். எல்லை தாண்டவில்லையா என்று மட்டும் சட்டென்று பார்த்துவிட்டு, நேராக நகலெடுக்கத் தொடங்கு. தவறான முகவரி என்றால் சிபியுவே நிறுத்தி ஃபால்ட் கொடுக்கும். அப்போது கெர்னல், எந்தக் கட்டளையில் ஃபால்ட் வந்ததோ அந்தக் கட்டளையின் முகவரியை ஓர் அட்டவணையில் தேடும். ‘இந்தக் கட்டளை தடுக்கி விழுந்தால் இங்கே போ’ என்று அந்த அட்டவணையில் ஜோடி ஜோடியாக எழுதியிருக்கும். கம்பைல் செய்யும்போதே அதைத் தயாரித்துவிடுகிறார்கள். தேடியது கிடைத்தால் அங்கே தாவும், எத்தனை பைட் மீதி என்று கணக்குப் பார்த்துத் திரும்பும். கிடைக்கவில்லையென்றால் அது கெர்னலின் சொந்தப் பிழை; ஊப்ஸ் செய்தி வரும். எல்லாம் நல்லபடியாகப் போகும்போது இந்த அட்டவணைக்குச் செலவே இல்லை.

இதில் எனக்கு மகிழ்ச்சி தரும் ஒரு விஷயம், ஆறாம் பதிப்பு யூனிக்ஸிலும் இதன் முன்னோடி இருக்கிறது. யூசர் நினைவகத்திலிருந்து ஒரு சொல்லை எடுக்கும் அசெம்ப்ளி வரிகள், முதலில் நோஃபால்ட் என்ற மாறியில் ‘விழுந்தால் இங்கே வா’ என்று ஒரு முகவரியை எழுதிவிட்டு எடுக்கும், முடிந்ததும் பழையபடி ஆக்கும். ஒவ்வொரு முறையும் எழுதி அழிக்க வேண்டும் என்பதுதான் வித்தியாசம். பிந்தைய லினக்ஸ் அந்த எழுத்து வேலையைக் கம்பைலரிடம் தள்ளிவிட்டது.

ஸ்பின்லாக்கோடு நிற்கும்போதும் யூசர் நினைவகத்தைத் தொட்டே ஆக வேண்டும் என்றால் அதற்கும் ஒரு வகை உண்டு. பேஜ் ஃபால்ட்டில் பக்கத்தைக் கொண்டுவர முயலாதே என்று முதலில் அடைத்துவிட்டு நகலெடுப்பது. பக்கம் இருந்தால் கிடைக்கும், இல்லையென்றால் உடனே தோல்வி. அப்போது பூட்டை விட்டுவிட்டு, தூங்கக்கூடிய வழியில் மறுபடி முயல வேண்டும்.

ஒரே ஃபங்ஷன் பெயருக்கு எப்போதும் ஒரே பதில் என்றும் நம்ப முடியாது. நிகழ்நேரப் பணிகளுக்கான ப்ரீஎம்ப்ட்_ஆர்டி மாற்றங்கள் இருபது வருட உழைப்புக்குப் பிறகு 2024இல் 6.12 பதிப்பில் மூல லினக்ஸோடு சேர்ந்தன. அந்த வகையில் கட்டினால் ஸ்பின்_லாக்கே தூங்கக்கூடிய பூட்டாகிவிடும். இன்ட்டரப்ட் கையாளும் ஃபங்ஷன்களில் பெரும்பாலானவை தனி த்ரெட்டாக ஓடும். சுற்றிக்கொண்டே இருக்கும் பழைய குணம் ரா_ஸ்பின்_லாக்குக்கு மட்டுமே மிஞ்சும். 2022 டிசம்பரில் 6.1 பதிப்போடு ரஸ்ட் மொழியும் கெர்னலுக்குள் வந்தது. நினைவகத் தவறுகளைக் கம்பைலரே பிடிக்கிறது என்பது பெரிய வரவு. ஆனால் தூங்கக் கூடாத இடத்தில் தூங்குவதை அந்த மொழியும் தானாகப் பிடிப்பதில்லை, அதற்குத் தனிக் கருவி வேண்டியிருக்கிறது.

இனி அந்த ‘டி’க்குத் திரும்பலாம். டிஸ்க் என்றால் மேசைக்கு அடியில் இருப்பது என்ற கணக்கை என்எஃப்எஸ் உடைத்தது. சர்வர் போய்விட்டால் மில்லிவினாடி என்பது நாள்கணக்காகலாம். அப்போதும் தூக்கத்தைக் கலைக்க முடியாததற்கு இன்னொரு காரணம் சேர்ந்திருந்தது. சாதாரணக் கோப்பைப் படிக்கும்போது, கேட்ட பைட்டுகள் முழுதாக வரும், நடுவில் சிக்னலால் அறுபடாது என்று நம்பி எழுதப்பட்ட நிரல்கள் ஏராளம். பாதியில் எழுப்பி ‘குறுக்கீடு’ என்று பிழை கொடுத்தால் அவை தடுமாறி, கோப்பையே கெடுத்துவிடலாம்.

மேத்யூ வில்காக்ஸ் இதற்குக் கண்ட தீர்வு 2008இல் 2.6.25இல் வந்தது. டாஸ்க்_கில்லபிள் என்று புதிதாக ஒரு தூக்க நிலை. சாகடிக்கும் சிக்னல் மட்டுமே அந்தத் தூக்கத்தைக் கலைக்கும். ஏன் இது பாதுகாப்பு என்றால், அந்தச் சிக்னல் வந்த நிரல் இனி யூசர் பக்கம் திரும்பிப் போய் ஒரு கட்டளைகூட ஓட்டப் போவதில்லை. பாதிப் படிப்பைப் பார்க்க அங்கே யாரும் இருக்க மாட்டார்கள். கெர்னல் ஃபங்ஷன்கள் மட்டும் ஒழுங்காகத் திரும்பி, பிடித்த பூட்டுகளை விட்டுவிட்டு வந்தால் போதும். என்எஃப்எஸ் உடனே இதற்கு மாறியது. முன்பு மவுன்ட் செய்யும்போது இன்ட்டர் என்று ஒரு விருப்பம் கொடுப்போம், அதற்குப் பிறகு அதைக் கொடுத்தாலும் கெர்னல் கண்டுகொள்வதே இல்லை. கில் -9 ஒன்றே வழி.

பிஎஸ் பட்டியலில் இரண்டு தூக்கத்துக்கும் ‘டி’ என்றே காட்டுவதால் எது எது என்று எழுத்தை வைத்துச் சொல்ல முடியாது. ஒரு ப்ராசஸ் 120 வினாடிக்கு மேல் அசையாமல் கிடந்தால் கெர்னல் பதிவில் ஒரு புகார் விழுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் காவலாளி கில்லபிள் தூக்கத்தை வேண்டுமென்றே விட்டுவிட்டு, யாராலும் எழுப்ப முடியாதவர்களை மட்டும்தான் எண்ணுகிறது. அடுத்த முறை ‘டி’யில் ஒரு ப்ராசஸ் நின்றால், அதன் டபிள்யூசான் கோப்பைத் திறந்து எந்த ஃபங்ஷனில் நிற்கிறது என்று பாருங்கள். பிறகு மூல நிரலில் அந்தப் பெயரைத் தேடி, அங்கே எழுதியிருப்பது கில்லபிளா, இல்லையா என்று பார்த்தால் கில் -9 வேலை செய்யுமா என்று அனுப்புவதற்கு முன்பே தெரிந்துவிடும்.